புதுச்சேரியில் இரண்டு நிமிஷம் லேட்!

புதுச்சேரி பஸ் ஸ்டாண்டிலிருந்து வில்லியனூர் போகும் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே பயணம் செய்திருக்கிறீர்களா? இந்திரா காந்தி சிலையைத் தாண்டி, ரெட்டியார்பாளையம் நெரிசலில் நீந்தி, மூலக்குளம் வரும்போது டிரைவர் ஒரு பிரேக் போடுவார் பாருங்கள்... பஸ் நின்றுவிடும். நாம் நிற்க மாட்டோம்! முன்னால் நிற்பவர் முதுகில் போய் மோதி, ‘‘சாரி சார்’’ என்று வழிந்து, ‘‘கம்பியைப் புடிச்சு நில்லுங்கப்பா’’ என்று கண்டக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

பள்ளிக்கூடத்தில் இதற்கு ‘நிலைமம்’ என்று பெயர் சொல்லி, இரண்டு மார்க் கொடுத்தார்கள். ஓடுகிற பொருள் ஓடிக்கொண்டே இருக்கப் பார்க்கும், யாராவது தடுத்தால்தான் நிற்கும். நியூட்டனின் முதல் விதி. எழுதினோம், மார்க் வாங்கினோம், மறந்தோம்.

அப்படி ஒரு பிரேக்கில் இறங்கித்தான் சமீபத்தில் மூலக்குளத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன். பிளஸ் ஒன் படிக்கும் அக்கா பையன் ரெக்கார்டு நோட்டில் மும்முரமாக இருந்தான். பிசிக்ஸ் பிராக்டிகல். தனி ஊசல் சோதனை. நூலில் குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, ஆட்டிவிட்டு, எத்தனை நொடிக்கு எத்தனை ஆட்டம் என்று எண்ணி, அதிலிருந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடிக்கும் சோதனை. நீங்களும் நானும் செய்ததுதான்.

எட்டிப் பார்த்தேன். கடைசி வரியில் 9.8 என்று விடை எழுதியிருந்தது. மேலே அட்டவணை காலி!

‘‘என்னடா இது, ஆட்டத்தையே இன்னும் எண்ணலை... விடை வந்துடுச்சா?’’

‘‘அப்படித்தான் மாமா. முதல்ல ஆன்சர் எழுதிடணும். அப்புறம் அதுக்கு ஏத்த மாதிரி ரீடிங்கை ரொப்பிடணும். எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க.’’

சிரிப்பு வந்தது. கோபம் வரவில்லை. ஏனென்றால் நானும் அந்தக் காலத்தில் அப்படித்தான் செய்தேன்! ஆனால், ஒரு கேள்வி மட்டும் கேட்டு வைத்தேன்: ‘‘அந்த 9.8 மூலக்குளத்துக்குப் பொருந்துமாடா?’’

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

அசட்டுக் கேள்விதான். ஆனால் இதே கேள்வியை இரண்டரை நூற்றாண்டுக்கு முன்னால், இதே புதுச்சேரியில், ஒரு மனிதர் கேட்டிருக்கிறார். நூலில் குண்டைக் கட்டித் தொங்கவிட்டுப் பதிலும் கண்டுபிடித்திருக்கிறார். உலகம் அவரை ஞாபகம் வைத்திருப்பது வேறு ஒரு காரணத்துக்காக. சரித்திரத்திலேயே ரொம்பத் துரதிர்ஷ்டம் பிடித்த விஞ்ஞானி என்று!

பெயர் கியோம் லெ ஜாந்தி. பிரான்ஸில் நார்மண்டிப் பக்கம் 1725-ல் பிறந்தவர். பாதிரியார் ஆவதற்குப் படிக்கப் போய், வானத்தைப் பார்த்து மயங்கி, வானியலுக்கு வந்துவிட்டவர். பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தில் அவருக்கு ஓர் இடம் இருந்தது. 1760-ல் அந்தக் கழகத்துக்கு ஒரு பெரிய கவலை இருந்தது... சூரியன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது?

இன்றைக்கு எந்தப் பள்ளிக்கூடப் பிள்ளையும் ‘15 கோடி கிலோமீட்டர்’ என்று சொல்லிவிடும். அன்றைக்கு அது யாருக்கும் சரியாகத் தெரியாது. கயிறு கட்டி அளக்க முடியுமா என்ன? இங்கிலாந்தின் எட்மண்ட் ஹாலி 1716-ல் ஒரு வழி சொல்லிவிட்டுப் போயிருந்தார். வால் நட்சத்திரப் புகழ் ஹாலியேதான்.

கட்டை விரலை முகத்துக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். அப்புறம் அடுத்த கண்ணை மூடிப் பாருங்கள். பின்னால் இருக்கும் சுவரில் விரல் இடம் மாறுகிறது இல்லையா? இரண்டு கண்ணுக்கும் உள்ள இடைவெளி தெரிந்தால், விரல் எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டுவிடலாம். ஹாலி சொன்னது இதைத்தான். சுவருக்குப் பதில் சூரியன். விரலுக்குப் பதில் வெள்ளி கிரகம். இரண்டு கண்ணுக்குப் பதில் பூமியில் வெகு தொலைவில் உள்ள இரண்டு ஊர்கள். சூரியனின் முகத்தைக் கறுப்புப் பொட்டு மாதிரி வெள்ளி கடக்கும்போது, எப்போது உள்ளே நுழைந்தது, எப்போது வெளியே வந்தது என்று பல ஊர்களில் நொடி சுத்தமாகக் குறிக்க வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், அது தினமும் நடக்கிற கூத்து அல்ல. 8 வருஷ இடைவெளியில் இரண்டு தடவை வரும். அப்புறம் நூறு வருஷத்துக்கு மேல் ஆளையே காணோம்! 1761 ஜூன் 6-ல் ஒன்று, 1769 ஜூன் 3, 4-ல் இன்னொன்று. அதை விட்டால் 1874-தான். நம் காலத்தில் 2004-லும் 2012-லும் வந்து போனதே, அதே சமாசாரம். அடுத்தது 2117.

லெ ஜாந்திக்குக் கொடுக்கப்பட்ட ஊர், புதுச்சேரி.

1760 மார்ச் 26. பிரான்ஸின் பிரெஸ்ட் துறைமுகத்தில் கப்பல் ஏறினார். ஜூலையில் மொரீஷியஸ். அங்கிருந்து புதுச்சேரிக்குப் போகத்தான் கப்பல் இல்லை. பிரான்ஸும் இங்கிலாந்தும் உலகம் பூராவும் சண்டை போட்டுக்கொண்டிருந்த சமயம் அது. காத்திருந்து, காத்திருந்து, 1761 மார்ச்சில் ஒரு போர்க்கப்பலில் இடம் கிடைத்தது. மே மாதக் கடைசியில் மலபார் கரையை நெருங்கியபோதுதான் இடி மாதிரி அந்தச் செய்தி வந்தது. புதுச்சேரி ஜனவரியிலேயே ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது! (புதுச்சேரியின் அன்றாடத்தை எழுதி வைத்த நம் ஆனந்தரங்கப் பிள்ளை கண்ணை மூடியதும் அதே 1761 ஜனவரியில்தான்.) கேப்டன் கப்பலை மொரீஷியஸுக்கே திருப்பிவிட்டார்.

ஜூன் 6 வந்தது. நடுக்கடல். வானம் நிர்மலம். சூரியன் மேல் வெள்ளி கறுப்புப் பொட்டாக நகர்வது கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது. டெலஸ்கோப்பும் கையில் இருக்கிறது. ஆனால் ஒன்றுக்கும் பிரயோஜனம் இல்லை! ஏன்?

மூலக்குளம் பிரேக்கை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். ஒரே சீராக ஓடும் பஸ்ஸில் டம்ளரில் டீகூடக் குடித்துவிடலாம். கலிலியோ 1632-லேயே இதை எழுதிவிட்டார்: கப்பல் ஒரே வேகத்தில், ஆடாமல் அசையாமல் போனால், அறைக்குள் பறக்கும் பூச்சிக்குக் கப்பல் போவதே தெரியாது என்று. வேகம் பிரச்னை இல்லை. வேகம் மாறுவதுதான் பிரச்னை. பிரேக், வளைவு, குலுக்கல்... அலையில் கப்பல் ஏறி இறங்கி உருளும்போது, கணத்துக்குக் கணம் வேகமும் திசையும் மாறிக்கொண்டே இருக்கும். அந்தக் காலத்தில் நொடி சுத்தமாக ஓடிய ஒரே கடிகாரம், ஊசல் கடிகாரம். கூட்ட பஸ்ஸில் நிற்கும் பயணி மாதிரி ஊசல் அங்கே இங்கே மோதித் தடுமாறினால் அது எந்த நொடியைக் காட்டும்? போதாக்குறைக்கு, கப்பல் பூமிப்பந்தில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதும் துல்லியமாகத் தெரியாது. (ஆடும் கப்பலிலும் ஒழுங்காக ஓடும்படி, ஊசல் இல்லாமல் ஸ்பிரிங்கை நம்பி ஹாரிசன் என்ற ஆங்கிலேயத் தச்சர் செய்த கடிகாரம், பரிசோதனைக்காக ஜமைக்காவுக்குக் கப்பல் ஏறியது அதே வருஷம் நவம்பரில். ஐந்தே மாத வித்தியாசம்!)

பார்த்தார். அளக்க முடியவில்லை.

வேறு யாராக இருந்தாலும் ஊருக்குத் திரும்பியிருப்பார்கள். லெ ஜாந்தி ஒரு முடிவு எடுத்தார். எட்டு வருஷம்தானே... இங்கேயே இருந்து அடுத்ததையும் பார்த்துவிட்டே போவது!

மடகாஸ்கரில் சுற்றினார். வரைபடம் போட்டார். செடி, கொடி, மீன், காற்று, அலை என்று கண்ணில் பட்டதையெல்லாம் எழுதினார். 1769-க்கு எந்த ஊர் நல்லது என்று கணக்குப் போட்டு, 1766-ல் மணிலாவுக்குப் போய் இறங்கினார். அங்கே இருந்த ஸ்பானிஷ் கவர்னருக்கு இவர் மேல் சந்தேகம். பாரிஸிலிருந்தும் புதுச்சேரிக்கே போகும்படி தகவல் வந்தது. மறுபடியும் கப்பல். 1768 மார்ச் 27-ல் ஒருவழியாகப் புதுச்சேரி மண்ணில் கால் வைத்தார். கிளம்பி எட்டு வருஷம்!

ஊர் அப்போது எப்படி இருந்தது? 1761-ல் ஆங்கிலேயர்கள் கோட்டையை வெடி வைத்துத் தகர்த்திருந்தார்கள். சண்டை முடிந்து 1765-ல்தான் பிரெஞ்சுக்காரர்கள் ஊரைத் திரும்ப வாங்கி, இடிபாடுகளுக்கு நடுவே வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். கவர்னர் லா துலோரிஸ்தோன் இவருக்கு ராஜ உபசாரம் செய்து, இடிந்த கோட்டையின் மேலேயே ஒரு வானாய்வுக்கூடம் கட்டிக் கொடுத்தார். அதன் அடியில் வெடிமருந்துக் கிடங்கு! விஷயம் கேள்விப்பட்ட சென்னை ஆங்கிலேயர்கள், பழைய பகையை மறந்து, நல்ல டெலஸ்கோப் ஒன்றை அனுப்பிவைத்தார்கள்.

ஜூன் 1769 வருவதற்கு இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தது. மனிதர் சும்மா உட்காரவில்லை. அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் பழைய செங்கல் சுவர்களைப் பார்த்துக் குறித்துவைத்தார். பின்னால் ரோமானிய ஜாடிகள் கிடைத்து உலகப் புகழ் பெற்ற அரிக்கமேடு அதுதான். வில்லியனூர் கோயிலைப் பற்றியும் தன் புத்தகத்தில் எழுதினார். அப்புறம் இன்னொன்று செய்தார். நம் ஊர்ப் பஞ்சாங்கக் கணிதரிடம் பாடம் கேட்டார்!

சாதாரண விஷயமா அது? பாரிஸ் விஞ்ஞானக் கழகத்து ஆசாமி, தரையில் உட்கார்ந்து, சோழிகளை நகர்த்திக் கிரகணம் கணிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எதிரே இருந்த தமிழ்க் கணிதரிடம் பேனா இல்லை, காகிதம் இல்லை, சைபர் போட்ட அட்டவணை இல்லை. எல்லாம் மனப்பாடம். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தை லெ ஜாந்தி ஒத்துப் பார்த்தார். கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதில் தமிழ்க் கணக்கு 41 நொடி குறைவாகச் சொன்னது. ஐரோப்பாவிலேயே சிறந்தது என்று பெயர் வாங்கியிருந்த டோபியாஸ் மேயரின் அட்டவணை 68 நொடி அதிகமாகச் சொன்னது. சோழி ஜெயித்துவிட்டது! லெ ஜாந்தி இதை மறைக்கவில்லை. அப்படியே எழுதி அச்சிட்டார்.

அந்த நேர்மையைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1769 ஜூன் 4, ஞாயிற்றுக்கிழமை. புதுச்சேரியில் சூரியன் உதிக்கும்போதே வெள்ளி அதன் மேல் இருக்கும். ஏழு மணி வாக்கில் வெளியேறும். அந்தக் கடைசித் தருணத்தைக் குறித்தால் போதும்.

வைகாசி மாதம். முந்தைய நாட்களில் காலை வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு விழித்தவர் வெளியே வந்து பார்த்தார். வானம் பூராவும் மேகம். விடியற்காலையில் காற்று வேறு சுழற்றி அடித்தது. மேகம் கலையவில்லை. சூரியன் உதித்தது. வெள்ளி நகர்ந்தது. வெளியேறியும் போனது. எதுவும் தெரியவில்லை. எல்லாம் முடிந்த பிறகு மேகம் விலகி, மிச்ச நாள் பூராவும் புதுச்சேரியில் வெயில் கொளுத்தியது!

இதில் இன்னொரு கொடுமை, மணிலாவில் அன்று வானம் தெளிவாக இருந்தது.

இரண்டு வாரத்துக்கு மேல் அவரால் பேனாவைத் தொட முடியவில்லை. முதல் தடவை வானம் இருந்தது, கால் ஊன்ற நிலம் இல்லை. இரண்டாம் தடவை நிலம் இருந்தது, வானம் இல்லை. வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் படுக்கையில் தள்ளின. 1770 மார்ச்சில் கிளம்பினார். வழியில் கப்பல் புயலில் சிக்கி, மொரீஷியஸுக்கே திரும்பி, அப்புறம் ஒரு ஸ்பானிஷ் கப்பலில் ஏறி... 1771 அக்டோபர் 8-ல் மலை தாண்டி பிரான்ஸுக்குள் நுழைந்தார். 11 வருஷம், 6 மாதம், 13 நாள்!

ஊரில் அவர் செத்துப் போனதாகவே முடிவு கட்டியிருந்தார்கள். சொந்தக்காரர்கள் சொத்தைப் பங்கு போடும் வேலையில் இருந்தார்கள். கழகத்தில் அவருடைய இடத்தை வேறொருவருக்குக் கொடுத்தாகிவிட்டது. ‘நான் உயிரோடுதான் இருக்கிறேன்’ என்று கோர்ட்டுக்குப் போய், வழக்குச் செலவையும் தானே கட்டினார்.

வழக்கமாகக் கதையை இங்கே முடித்துவிடுவார்கள். ‘ஐயோ பாவம்’ என்று நாமும் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுவோம். ஆனால் உண்மையான விஷயம் இனிமேல்தான் இருக்கிறது.

புதுச்சேரியில் லெ ஜாந்தி ஓர் ஊசலைத் தொங்கவிட்டிருந்தார் என்றேனே, அதற்கு வருவோம்.

அதற்கு முன் ஒரு நூறு வருஷம் பின்னால் போக வேண்டும். 1672-ல் ஜான் ரிஷே என்ற பிரெஞ்சுக்காரர், பாரிஸிலிருந்து தென் அமெரிக்காவின் கயேன் தீவுக்கு ஒரு கடிகாரம் கொண்டுபோனார். பூமத்திய ரேகைக்குப் பக்கத்து ஊர். பாரிஸில் சொக்கத் தங்கமாக ஓடிய கடிகாரம், அங்கே ஒரு நாளைக்கு இரண்டரை நிமிஷம் மெதுவாக ஓடியது! ஊசலைக் கொஞ்சம் குட்டையாக்கினால்தான் சரியான நேரம் காட்டியது. வெயிலில் கம்பி நீண்டிருக்கும் என்று சிலர் சொன்னார்கள். நியூட்டன் கணக்குப் போட்டுப் பார்த்தார். வெயிலுக்குக் கம்பி நீளும்தான், ஆனால் இவ்வளவு நீளாது. அப்படியானால் மிச்சம்?

ஊசலை ஆட்டுவது பூமியின் இழுப்பு. இழுப்பு குறைந்தால் ஆட்டம் மந்தமாகும். பூமத்திய ரேகைப் பக்கம் பூமியின் இழுப்பே குறைச்சல் என்றார் நியூட்டன். காரணம், பூமி தட்டாமாலை சுற்றுகிறது. வளைவில் பஸ் திரும்பும்போது நாம் வெளிப்பக்கம் சாய்கிறோம் இல்லையா, அதே கதைதான். பாரிஸ்காரரை பூமி மணிக்கு சுமார் 1,100 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றிக்கொண்டு போகிறது. மூலக்குளத்துக்காரரை சுமார் 1,630 கிலோமீட்டர் வேகத்தில்! (ஒரே சீரான வேகம் என்பதால் டீ சிந்தவில்லை.) அந்தச் சுழற்சியாலேயே பூமியும் இடுப்பில் பெருத்து, தலையிலும் காலிலும் சப்பையாகிவிட்டது. இன்றைய கணக்கில் இடுப்பு ஆரம், துருவ ஆரத்தைவிட 21 கிலோமீட்டர் அதிகம். மையத்திலிருந்து தள்ளி இருப்பதால் இழுப்பு இன்னும் கொஞ்சம் குறைகிறது.

பூமி நியூட்டன் சொன்ன மாதிரி ஆரஞ்சுப் பழமா, இல்லை எலுமிச்சம்பழமா என்று பாரிஸில் பெரிய சண்டையே நடந்தது. 1730-களில் ஒரு கோஷ்டி பெரு நாட்டுக்கும், இன்னொரு கோஷ்டி ஐரோப்பாவின் வடகோடி லாப்லாந்துக்கும் போய் நிலத்தை அளந்து, ஆரஞ்சுதான் என்று நிரூபித்தார்கள். சரி, எவ்வளவு சப்பை? அதற்கு, ஊர் ஊராக ஊசல் அளவுகள் வேண்டும்.

புதுச்சேரி அளவைக் கொடுத்தவர் லெ ஜாந்தி.

வானம் மூடியிருந்தால் என்ன... ஊசலுக்கு வானம் தேவையில்லையே! ஆடாத தரை போதும். 1761-ல் கப்பலில் அவருக்குக் கிடைக்காத அந்தத் தரை, புதுச்சேரியில் கிடைத்தது. நட்சத்திரங்களை வைத்துக் கடிகாரத்தைச் சரி பார்த்து, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக சரியாக ஒரு நொடி எடுக்கும் ஊசல் புதுச்சேரியில் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்று அளந்தார். இன்று வரைக்கும் பெயர் பேசப்படும் கணித மேதை லாப்லாஸ், 1799-ல் பூமியின் வடிவத்தைக் கணக்கிட்டபோது உலகம் பூராவும் இருந்து பொறுக்கியெடுத்த ஊசல் அளவுகளில் இதுவும் ஒன்று. பாரிஸ் ஊசலை 1 என்று வைத்துக்கொண்டால், புதுச்சேரி ஊசல் 0.9971. லாப்லாஸின் அட்டவணையில் பெரு, லாப்லாந்து, லண்டன், பாரிஸ் எல்லாவற்றோடும் நம் புதுச்சேரியும் உட்கார்ந்திருக்கிறது!

இன்றைய கணக்குப்படி அது 0.9972. வித்தியாசம் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. நூலும் குண்டும் வைத்துக்கொண்டு இவ்வளவு கிட்டே வந்திருக்கிறார் மனுஷன்.

இதற்கு என்ன அர்த்தம் என்று நம் பாஷையில் சொல்கிறேன். பாரிஸில் சரியாக ஓடும் ஊசல் கடிகாரத்தைக் கொண்டுவந்து மூலக்குளத்தில் மாட்டினால், ஒரு நாளைக்கு சுமார் இரண்டு நிமிஷம் லேட்டாக ஓடும். ஒன்றேகால் மாதத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பின்தங்கிவிடும். ஊசலை மூன்று மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகக் குட்டையாக்கினால் சரியாகிவிடும். பாரிஸில் 60 கிலோ காட்டும் ஸ்பிரிங் தராசில் இங்கே ஏறி நின்றால், 59 கிலோ 830 கிராம்தான் காட்டும். டயட்டே இல்லாமல்! ஆனால் நகைக்கடையின் இரட்டைத் தட்டுத் தராசில் எந்த மாற்றமும் இருக்காது. இந்தத் தட்டு எவ்வளவு குறைகிறதோ, எடைக்கல் இருக்கும் அந்தத் தட்டும் அவ்வளவே குறையும். எடை வேறு, நிறை வேறு என்று பாடத்தில் சொல்லிக் கொடுப்பது இதைத்தான்.

அப்போது 9.8? அது உலகத்துக்கு ஒரு சராசரி. 1901-ல் உலக அளவைகள் மாநாடு கூடி, சர்வதேசக் கணக்குகளுக்காக 9.80665 என்று ஒரு பொது எண்ணை வைத்துக்கொண்டது. பாரிஸில் அது 9.81. புதுச்சேரியில் 9.78. ஊருக்கு ஊர் மாறும்.

ஒருவர் எழுதிவைத்த அளவை நாம் ஏன் நம்ப வேண்டும்?

லெ ஜாந்தி நினைத்திருந்தால், 1769 ஜூன் 4 காலை ஏழு மணிக்கு ஒரு எண்ணை எழுதிவிட்டிருக்கலாம். பக்கத்தில் சரிபார்க்க யாரும் இல்லை. வெள்ளி எப்போது வெளியேறும் என்பதற்கு உத்தேசக் கணக்குகள் கையில் இருந்தன. என் அக்கா பையன் மாதிரி முதலில் விடையை எழுதி, ரீடிங்கை ரொப்பியிருக்கலாம். பாரிஸில் மாலை, மரியாதை, பட்டம் எல்லாம் கிடைத்திருக்கும். அவர் எழுதியது, மேகம் மூடியது, பார்க்கவில்லை என்பதைத்தான்.

அதே 1769-ல் நார்வேயின் வடகோடியில் வார்டோ என்ற இடத்தில் வெள்ளியைப் பார்த்தவர் மாக்ஸிமிலியன் ஹெல் என்ற பாதிரியார். அவர் முடிவுகளை வெளியிடக் கொஞ்சம் தாமதித்தார். அவ்வளவுதான், மற்றவர்களின் எண்களைப் பார்த்து மாற்றிக்கொண்டார் என்று பேச்சு கிளம்பிவிட்டது. அவர் செத்த பிறகு 1835-ல் லிட்ரோ என்பவர் கையெழுத்துப் பிரதியைச் சோதித்து, இரண்டு நிற மையில் திருத்தியிருக்கிறார் என்றே சொல்லிவிட்டார். 1883-ல் அமெரிக்க வானியலாளர் நியூகோம்ப் அதே தாள்களைப் பார்த்து, ஹெல் குற்றமற்றவர் என்றார். லிட்ரோவுக்கு நிறம் பிரித்தறியும் பார்வை கிடையாது என்பதும் அப்போதுதான் வெளியே வந்தது! ஆனால் நடுவில் ஐம்பது வருஷம் ஒரு நேர்மையான மனிதர் மேல் பழி. அளவுக்கு உயிரே நம்பிக்கைதான்.

அந்த மாதிரிப் பல ஊர்க்காரர்களின் நம்பகமான எண்களைச் சேர்த்துத்தான், 1771-ல் ஆக்ஸ்ஃபோர்டின் ஹார்ன்ஸ்பி சூரியனின் தூரத்தைக் கணக்கிட்டார். சுமார் 15.08 கோடி கிலோமீட்டர். இன்றைய எண் 14.96 கோடி.

சரி, நம் சோழிக் கணிதர் என்ன ஆனார்? அந்தக் கலை பின்னாளிலும் புதுச்சேரியில் உயிரோடு இருந்தது. சென்னை வானாய்வுக்கூடத்தில் வேலை பார்த்துவிட்டு, கடைசிக் காலத்தில் புதுச்சேரியில் வாழ்ந்து 1830-ல் அங்கேயே மறைந்தவர் ஜான் வாரன். (சென்னையில் அவரும் நொடி ஊசலின் நீளத்தை அளந்தவர்தான்!) ‘சாமி நாதன் சாஷியா’ என்று வாரன் தன் எழுத்துக்கூட்டலில் குறிக்கும் ஒரு புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர், 1825-ன் சந்திர கிரகணம் ஒன்றை சோழி வைத்துக் கணித்துக் காட்டினார். இந்தக் கணக்கின் எண்கள் வாக்கியங்களுக்குள் ஒளிந்திருக்கும். எழுத்துக்கு ஓர் எண். சொல்லை மனப்பாடம் செய்தால் எண் தானாக வந்துவிடும். சந்திரனுக்கு மட்டும் 248 நாளைக்கு 248 வாக்கியங்கள். நம் ‘வாக்கியப் பஞ்சாங்கம்’ என்ற பெயரே இதிலிருந்து வந்ததுதான்.

1825-ல் அந்தக் கணக்கு கிரகணத்தின் தொடக்கத்தை 4 நிமிஷ வித்தியாசத்தில் பிடித்தது. பிரமாதம்! ஆனால் நடுவில் 23 நிமிஷம், முடிவில் 52 நிமிஷம் தவறியது. பழைய எண்கள் எவ்வளவு பொக்கிஷமாக இருந்தாலும், அவ்வப்போது நிமிர்ந்து வானத்தைப் பார்த்து ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இதை வெள்ளைக்காரன் வந்து நமக்குச் சொல்லவில்லை. கேரளத்துப் பரமேசுவரர் ஐம்பது வருஷத்துக்கு மேல் கிரகணங்களைப் பார்த்துக் குறித்து, பழைய கணக்கை 1431-ல் திருத்தினார். அவர் போட்ட புதுக் கணக்குக்குப் பெயரே ‘திருக்கணிதம்’. திருக் என்றால் பார்வை!

நாம் அந்த வாக்கியத்தை மனப்பாடம் செய்த பழக்கத்தைப் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து பார்க்கும் பழக்கத்தை விட்டுவிட்டோமோ? 9.8 என்பது இன்றைக்கு நம் பிள்ளைகளின் வாக்கியம் ஆகிவிட்டது. அதை அவர்கள் வானத்தோடும் ஒத்துப் பார்ப்பதில்லை, நூலோடும் ஒத்துப் பார்ப்பதில்லை.

அன்று மத்தியானம் அக்கா வீட்டுக் கூடத்தில் ஊஞ்சல் கொக்கி ஒன்று சும்மா இருந்தது. தையல் பெட்டியிலிருந்து நூல், பரணிலிருந்து ஒரு பித்தளைத் தூக்குக்குண்டு. கொக்கியிலிருந்து குண்டின் நடுமையம் வரைக்கும் சரியாக ஒரு மீட்டர். மின்விசிறியை நிறுத்தினோம். (அக்கா திட்டினாள்.) மெதுவாக ஆட்டிவிட்டு 100 ஆட்டம் எண்ணினோம். போய் வந்தால் ஓர் ஆட்டம். செல்போன் ஸ்டாப் வாட்ச்.

முதல் தடவை கணக்கு போட்டதில் 9.71 வந்தது. ‘‘தப்பு மாமா’’ என்றான். தப்பு இல்லைடா, வந்ததை எழுது. இரண்டாம் தடவை 9.84. மூன்றாம் தடவை 9.76. சராசரி 9.77.

ஏன் இப்படி அலைகிறது என்று அவனே யோசித்தான். நூல் கொஞ்சம் நீளுகிறது. விரல் ஸ்டாப் வாட்சை அழுத்துவதற்குள் ஒரு கண நேரம் ஓடிவிடுகிறது. பாரிஸுக்கும் மூலக்குளத்துக்கும் 100 ஆட்டத்தில் வரும் வித்தியாசமே கால் நொடியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். நம் விரல் பதற்றமும் கிட்டத்தட்ட அதே அளவு! ‘‘அப்போ அந்த ஆளு எப்படி மாமா பிடிச்சாரு?’’ என்றான். நூறு ஆட்டத்தோடு நிறுத்தாமல் ராத்திரி பகலாக எண்ணினால், கால் நொடிகள் சேர்ந்து சேர்ந்து நாளைக்கு இரண்டு நிமிஷம் ஆகிவிடும். அது கண்ணுக்கே தெரியும். அதற்குத் தேவை பொறுமை. எட்டு வருஷம் காத்திருந்தவரிடம் அது இல்லாமல் இருக்குமா?

சாயங்காலம் கிளம்பும்போது ரெக்கார்டு நோட்டைப் பார்த்தேன். பழைய 9.8-ஐ அடித்துவிட்டு 9.77 என்று எழுதியிருந்தான். கீழே மூன்று ரீடிங்கும் அப்படியே.

‘‘மார்க் குறைச்சா என்ன மாமா பண்றது?’’

‘‘குறைச்சா குறைக்கட்டும்டா. கேட்டாங்கன்னா, இது மூலக்குளத்து எண்ணுன்னு சொல்லு.’’

பஸ் வந்தது. இந்தத் தடவை கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.